மூடிமேல் குறுக்கே ஓர் அகப்பை

மகன், உன்மீது இறைவனின் சாந்தி உண்டாகட்டும். தபால்காரர் நம் வாசலில் சைக்கிளை நிறுத்தினாலே யாரோ இறந்த மௌத்துச் செய்தி என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவள் உன் உம்மா. நீ அவள் பெற்ற பிள்ளை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. உம்மா முற்றத்தில் பாயை விரித்து மிளகு காயப்போட்டுவிட்டுக் கோழிகளோடு வாய்ச்சண்டையில் இருக்கிறாள். நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிறந்ததிலிருந்து அலுவிகாரையில் ஒரே கூரையின்கீழ் இருந்தவனுக்கு என்னத்தை எழுதுவது? சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில்தானே இருந்தாய்.

உனக்கு என்மீது கோபம் இருக்கும். போன கிழமை நான் தம்புள்ளைக்கு வந்து, நீ வேலை செய்கிற ஹோட்டலின் பின்வாசல்வரை வந்து, உன்னைக் கூப்பிடாமலே திரும்பிவிட்டேன். அங்கே சமைக்கிற பெரிய கோக்கி பியதாச என்னைக் கண்டுவிட்டார், கட்டாயம் உன்னிடம் சொல்லியிருப்பார். இவ்வளவு தூரம் வந்த மனிதன் ஒரு வார்த்தை கதைக்காமல் போய்விட்டாரே, வாப்பாவுக்கு என்ன வந்தது என்று நீ யோசித்திருப்பாய். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முதல் வேறு சிலதையும் சொல்லவேண்டும். நான் எப்போதும் சுற்றி வளைத்துத்தான் வருவேன், உனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்.

லக்கலையைப் பற்றி நம் வீட்டில் யாரும் அதிகம் கதைப்பதில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நானும் என் தம்பியும், அதாவது உன் சாச்சாவும், அங்கே காட்டை வெட்டிச் சேனை போட்டோம். குரக்கன், சோளம், மிளகாய். மரத்தின்மேல் ஒரு காவல் பரண். யானை வந்தால் தகரத்தைத் தட்டுவோம், நெருப்புக் காட்டுவோம். ஒரு விடியற்காலை நெருப்பு அணையப் பார்க்கிறது என்று சாச்சா கீழே இறங்கினான். நான் பரணில் முழித்துக்கொண்டுதான் இருந்தேன், தகரத்தையும் தட்டினேன். யானை பக்கத்திலேயே நின்றது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதற்குமேல் நான் எழுதமாட்டேன். சாச்சாவை அடக்கிவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. பாயில் படுத்தாலும் காது படுக்காது. பஸ்ஸில் பக்கத்து ஆள் வாயைப் பிளந்துகொண்டு என் தோளில் சாயும்போது நான் ஒவ்வொரு மைல் கட்டையாகப் பார்த்துக்கொண்டு வருவேன். 'ஒங்க வாப்பாவ பஸ்ஸுக்குக் காவலுக்குப் போடலாம்' என்று உம்மா கேலி செய்வதைக் கேட்டிருக்கிறாய். அது ஏன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்த லக்கலைக்குத்தான் நீ போகிறேன் என்றாய். உன்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நீ சமைத்துக்கொண்டிருந்த சோற்றுக்கடை, அரிசிக்கும் மாவுக்கும் வந்த தட்டுப்பாட்டில் கதவைச் சாத்திவிட்டது. வெளிநாட்டு மிளகாய் வருவது நின்று, செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை வந்திருந்தது. லக்கலையில் என்னைத் தெரிந்த பழைய ஆட்கள், பையனை அனுப்புங்கள், சேனை போடலாம் என்று சொல்லியனுப்பினார்கள். வீடு வீடாகப் போய் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிற என் வியாபாரம் மூன்று பேருக்குக் காணாது. நீ கதவுக்குப் பின்னால் கிடந்த மம்பட்டியை எடுத்து வெளியே வைத்துப் புதுப் பிடி போட்டாய். அந்தத் தட்டுகிற சத்தத்தை உம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. போகாமல் என்ன செய்வது வாப்பா என்று நீ திருப்பிக் கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் வேறு தொழில் இருக்கவில்லை. அதனால் பள்ளிவாசலுக்குப் போய்விட்டேன்.

அங்கே துஆக் கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை, இவன் அந்தக் காட்டுக்குப் போகாமல் இருக்க ஒரு வழியைக் காட்டு என்று மட்டும் கேட்டேன். சில நாளில் தம்புள்ளை பஸ் டிரைவர் அந்தச் சேதியைக் கொண்டுவந்தார். குகை விகாரையும் சிகிரியாவும் பார்க்க வருகிறவர்களை நம்பி நோனா என்று கூப்பிடுகிற ஒரு சிங்களப் பெண்மணி புதிதாக ஹோட்டல் திறந்திருக்கிறார், அங்கே இருக்கிற பெரிய கோக்கிக்குக் கண் மங்குகிறது, கூட நிற்க ஒரு கோக்கி தேவை, ஒரு நாள் வந்து சமைத்துக் காட்டவேண்டும். எனக்குச் சந்தோஷத்தில் டிரைவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கக்கூட முடியவில்லை, ஏனென்றால் நோன்பு மாதம், நம் ஆட்களின் கடையெல்லாம் பகலில் மூடிக் கிடந்தது.

நோன்பு மாதம் என்பதில்தான் சிக்கல் ஆரம்பித்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் நாம் அடுப்படியில் வாக்குவாதப்பட்டது நினைவிருக்கிறதா?

'நாளக்கி மட்டும் நோன்ப விட்டுட்டுப் பொறகு பிடிச்சிக்க மகன். பயணத்துல ஈக்கிறவங்களுக்குச் சலுக ஈக்குதுதானே' என்றேன்.

'அலுவிகாரையில ஏறித் தம்புள்ளையில எறங்குறது ஒரு பயணமா? சும்மா கதைக்காதீங்க வாப்பா' என்றாய்.

'அப்ப உப்பு எப்படிப் பாப்பே?'

'உம்மா எப்படிப் பாக்குறாங்க?'

உம்மா கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டு முதுகைக் காட்டியபடியே சிரித்தாள். அவள் சிரிக்கக் காரணம் இருந்தது. நோன்பு மாதத்தில் அவள் உப்புப் பார்ப்பதே கிடையாது. அவளுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. உப்புப் போட்ட கை, அடுத்த வேலையாகச் சிரட்டை அகப்பையை எடுத்து மூடியின்மேல் குறுக்கே வைத்துவிட வேண்டும். அகப்பை குறுக்கே கிடந்தால் உப்புப் போட்டாயிற்று, வேறு யாரும் தொடக்கூடாது. குறுக்கே இல்லையென்றால் இன்னும் போடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் கஞ்சி காய்ச்சக் கைகொடுக்க வந்தாலும் அந்த ஓர் அகப்பை எல்லாருக்கும் பேசிவிடும். ஒரே ஒருமுறை அது தவறியது. மூடியின்மேல் கிடந்த அகப்பையை எடுத்து நான் பூனையை விரட்டினேன். அன்று நோன்பு திறக்கக் குடித்த கஞ்சி கடல்தண்ணி. நீயும் நானும் கடைசிவரை குடித்தோம். உம்மா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து, பூனையைப் பார்க்காமல் நேரே என்னைப் பார்த்தாள்.

அடுத்த நாள் விடிய, உம்மா தன் அகப்பையைக் கழுவி ஒரு துணியில் சுற்றி உன் கையில் கொடுத்தாள். கோக்கி வேலைக்குப் போகிறவன் வீட்டிலிருந்து அகப்பையோடு போவதா என்று நான் சிரித்தேன். அந்த நாள் முடியும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைகளில் சோறு விற்கக்கூடாது என்று அரசாங்கம் ஒதுக்கியிருக்கிற நாட்களில் ஒன்றாகப் பார்த்து நோனா உன்னை வரச்சொன்னது தற்செயலா, சோதனையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சோறு இருந்தால் ஒரு கறியில் கூடின உப்பை இன்னொன்றில் குறைத்துப் பிசைந்து சமாளிக்கலாம். மரவள்ளிக் கிழங்கை அவித்து வைத்தால் கூட வைக்கிற குழம்பு, நம் ஆணம்தான் எல்லாம். நீ தேங்காய்ப்பால் ஊற்றிக் கோழி ஆணம் வைப்பதென்று முடிவெடுத்துக் குசினிக்குள் போய்விட்டாய். நோனா எனக்குச் சாப்பாட்டு அறையின் மூலையில் ஒரு கதிரை போட்டு, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். நோன்பு என்றேன். 'அப்படியானால் மகனும்?' என்றார். தலையாட்டினேன். நோனாவின் புருவம் கொஞ்சம் மேலே போனது. பிறகு தேத்தண்ணியைத் திருப்பி அனுப்பினார்.

பகலுக்கு இரண்டு வேன் நிறையக் கொழும்புக் கந்தோரில் வேலை செய்கிற ஆட்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். குகைப் படியெல்லாம் ஏறி இறங்கிய பசி. குசினிக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. நீ பிறகு பஸ்ஸில் சொன்னதுதான். ஆணத்துக்கு உப்புப் போட்டு, உம்மாவின் அகப்பையை மூடிமேல் குறுக்கே வைத்துவிட்டு, கிழங்கு வடிக்க வெளியே போயிருக்கிறாய். பியதாசவுக்குப் பருப்புக் கிண்ட ஒரு கரண்டி தேவைப்பட்டிருக்கிறது. கையால் துழாவியதில் அகப்பை அகப்பட்டிருக்கிறது, எடுத்துக்கொண்டார். அவர் மேல் என்ன பிழை, அது நம் வீட்டுப் பாஷை என்று அவருக்கு யார் சொன்னது? நீ திரும்பி வந்தாய், மூடிமேல் அகப்பை இல்லை, இன்னும் போடவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் உப்பைப் போட்டாய். வருஷக்கணக்காக அகப்பையை நம்பிய கை வேறென்ன செய்யும்? சாப்பாட்டுப் பீங்கான்கள் எல்லாம் வெளியே போன பிறகுதான் பியதாசவின் கையில் அந்த அகப்பையைக் கண்டாய். அந்த நேரம் என்ன நினைத்தாய் என்று கேட்டேன். 'உம்மாட கஞ்சி ஞாபகம் வந்திச்சி' என்றாய்.

நான் கண்டது இதுதான். முன் மேசையில் இருந்த தடித்த மனிதர் ஒருவர் முதல் வாய் வைத்தார். வாய் அசைவது நின்றது. கை மெதுவாகத் தண்ணீருக்குப் போனது. அவருடைய மனைவி தன் பீங்கானைத் தொடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது குசினிக் கதவு திறந்தது. சாரத்தை மடித்துக் கட்டியபடி, தலையில் கட்டிய லேஞ்சி, நெற்றியில் கரி, நீ நேரே அறையின் நடுவில் வந்து நின்றாய். கோக்கி அப்படிச் சாப்பாட்டு அறைக்குள் வருவது எந்த ஹோட்டலிலும் வழக்கமில்லை. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். உண்மையைச் சொல்லவேண்டும், உன்னை முந்திக்கொண்டு, இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணியே உப்பு என்று ஒரு கதை என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. வியாபாரி வாய் அல்லவா.

நீ முந்திக்கொண்டாய். நல்ல சிங்களத்தில், சத்தம் கூட்டாமல், குறைக்காமல் சொன்னாய். 'மன்னிச்சிக்கணும் மாத்தயா. அந்தக் கறிய யாரும் தொட வேணாம். உப்பு ரெண்டு தரம் விழுந்திரிச்சி. நான் நோன்பு, ருசி பாக்கல்ல. பிழை என்னோடது. இப்ப முட்டை பொரிச்சிச் சம்பலோட கொண்டாறேன், சாப்பிட்டுக்கிட்டு இருங்க. கறியத் திருத்திட்டு வாறேன். பொறுக்க ஏலாதவங்க காசு தராமப் போகலாம்.'

நோனாவுக்கு வரவேண்டிய காசை நீ எடுத்து வீசியபோது நான் நோனாவைத்தான் பார்த்தேன். அவர் சுவரோடு நின்றார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீ அகப்பையைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை, பியதாசவின் பேரை எடுக்கவில்லை. அதை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். தடித்த மனிதர் தண்ணீரைக் கீழே வைத்தார். 'நோன்பா? காலையிலருந்து தண்ணிகூட இல்லாமலா அடுப்படியில நிக்கிறே?' என்று சிங்களத்தில் கேட்டார். தலையாட்டினாய். 'சரி, முட்டையக் கொண்டுவா. உப்ப மட்டும் நானே போட்டுக்கிறேன்' என்றார். மேசையில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தேன்.

பிறகு நீ உப்புப் போடாத தேங்காய் முதல் பாலை ஆணத்தில் ஊற்றி, அவித்த கிழங்கை வெட்டிப் போட்டு, தேசிக்காய் பிழிந்து திருத்தினாய். அது யாரும் செய்யக்கூடியது. ஆனால் பரிமாற முன் ஒரு கரண்டியைச் சின்னப் பீங்கானில் ஊற்றி, அந்தத் தடித்த மனிதரின் மனைவியிடம் கொண்டுபோய், 'நோனா, எனக்காக ஒருக்கா உப்புப் பாத்துச் சொல்லுவீங்களா?' என்று கேட்டாயே, அதை யார் உனக்குச் சொல்லித் தந்தது? அந்த அம்மா பெரிய பரீட்சைக்கு மார்க்குப் போடுகிறவர் மாதிரி கண்ணை மூடிச் சுவைத்து, உப்புக் காணும், கொண்டுவாங்க என்றார். அதற்குப் பிறகு அது அவர் சமைத்த கறியாகிவிட்டது. பக்கத்து மேசைக்காரர்களைச் சாப்பிடச் சொல்லி அவரே உபசரித்தார். ஒருவரும் காசு தராமல் போகவில்லை.

வேன்கள் போன பிறகு நோனா உன்னைக் கூப்பிட்டார். சாப்பிட்டவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், ஹோட்டல்காரருக்கு அது வேறு கணக்கு. எனக்கு லக்கலை கண்முன்னால் வந்து நின்றது. நீ மம்பட்டிக்குப் போட்ட புதுப் பிடி தெரிந்தது. இவனை எப்படிக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது, உம்மாவிடம் என்ன சொல்வது என்று சொற்களைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் பியதாச குசினியிலிருந்து வந்து, அகப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, 'நோனா, இவன்ட சட்டி மேல இருந்து இத எடுத்தது நான்தான்' என்றார். அந்த மனிதருக்கு அதைச் சொல்லவேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. கண் மங்குகிற வயதில், தன் இடத்துக்கு வருகிற பையனைக் காப்பாற்ற வந்து நின்றார். அதை நீ ஒருநாளும் மறக்கக்கூடாது.

நோனா சொன்னதை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். 'நான் கோக்கி ஒருத்தரத்தான் தேடினேன். உப்ப ரெண்டு தரம் போடுற ஆளக் கோக்கியா மட்டும் எடுக்க எனக்குப் பயம். ஆனா, பிழை நடந்தா மேசைக்கு முன்னால வந்து சொல்ல என்கிட்ட யாருக்கும் கால் வராது. எனக்கே வராது. காலையில குசினியில நில்லு, ஆட்கள் வாற நேரம் சட்டைய மாத்திட்டு முன்னால நில்லு. கோக்கியும் நீதான், உதவி மெனேஜரும் நீதான். பெருநாள் முடிய வா.' நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் அப்போது யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கைச் சிந்துவதற்கு லேஞ்சி தேடிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்.

திரும்பி வருகிற வழியில் நாலந்தைக்குக் கிட்ட பஸ்ஸிலேயே தண்ணீர் குடித்து நோன்பு திறந்தோம். வீட்டுக்கு வந்தால் உம்மா படியில் நின்றாள். வேலை கிடைத்ததா என்று கேட்கப் பயம் அவளுக்கு. 'என்ட அகப்ப எங்க?' என்று மட்டும் கேட்டாள். 'அங்கேயே விட்டுட்டேன் உம்மா. போறேன்தானே, அங்க ஈக்கட்டும்' என்றாய். விளங்கியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, நல்ல அகப்பையைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டு வருகிறாயா என்று உன்னை ஏசினாள். மம்பட்டியை அடுத்த நாளே பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். திருப்பித் தரவேண்டாம் என்றும் சொல்லிக் கொடுத்தாள்.

இனி நான் புத்தி சொல்லவேண்டிய இடம். பெற்றவன் எழுதுகிற கடிதத்தில் அது இல்லாவிட்டால் நீயே சந்தேகப்படுவாய். முதலில் என் கதையைச் சொல்கிறேன். பெருநாள் தொழுகை முடிந்து பள்ளி வாசலில் ஆட்கள் விசாரித்தபோது, மகன் தம்புள்ளையில் உதவி மெனேஜர் என்றேன். கோக்கி என்ற சொல் தொண்டையைத் தாண்டவில்லை. இது எப்படியோ உம்மாவின் காதுக்குப் போய், 'கோக்கிங்கிறத எங்க வச்சி முழுங்கினீங்க, பள்ளியிலயா வீட்டுலயா?' என்று என்னை வைத்து வாங்கிவிட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. அன்று அந்த அறையின் நடுவில் கரி நெற்றியோடு வந்து நின்றது கோக்கிதான், அந்தக் கோக்கியால்தான் மெனேஜர் வந்தார். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் கோக்கி என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறேன். நீயும் அந்த வரிசையை மாற்றாதே.

பியதாசவிடம் ஒருநாளும் மெனேஜர் குரலில் கதைக்காதே. முன்னால் யாராவது உன்னை ஏசினால் அந்தக் கோபத்தை முன்னாலேயே கழுவிவிட்டுக் குசினிக்குள் போ. குசினிச் சண்டையையும் சட்டையோடு கழற்றி வைத்துவிட்டு வெளியே வா. நம் வாய்க்குச் சேராத இறைச்சிக்கு வேறு சட்டி, அதைப் பியதாச பார்ப்பார் என்று நோனாவிடம் நீ முதல் நாளே பேசிக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்தது. அப்படி எதையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு மனஸ்தாபம் வராது. நேரத்துக்குச் சாப்பிடு. ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவர்கள் தாங்கள் நின்றபடி ஆறிப்போனதைச் சாப்பிடுவார்கள், அது உன் உம்மாவிடம் இருக்கிற கெட்ட பழக்கம். இன்னொன்று, பள்ளியில் மார்க்கம் சொல்கிற ஹஸ்ரத்திடம் கேட்டேன். சமைப்பது தொழிலாக உள்ளவன் தேவைக்கு நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினால் நோன்பு முறியாதாம், உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதுமாம். அடுத்த வருஷம் அப்படிச் செய். உம்மாவிடம் சொல்லாதே, அகப்பைக்கு மரியாதை குறைந்துபோகும்.

சரி, போன கிழமைக்கு வருகிறேன். ஒரு மிளகு மூட்டையைச் சாட்டாக வைத்துக்கொண்டு தம்புள்ளைக்கு வந்தேன். மூட்டையை மாத்தளையிலேயே விற்றிருக்கலாம். உன்னை ஒருக்கா பார்க்கவேண்டும், நீ அங்கே தரிப்பாயா, இல்லை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒருநாள் திரும்பி வந்து அந்த மம்பட்டியைத் தேடுவாயா என்று எனக்குள் ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருந்தது. முன்வாசலில் வெள்ளைக்காரர்கள் நின்றார்கள், அதனால் பின்பக்கமாக வந்து குசினிக் கதவால் எட்டிப் பார்த்தேன். நீ இல்லை. அடுப்புகளில் பானைகள் இருந்தன. மூடிகளின்மேல் குறுக்கே அகப்பைகள்.

நோன்பு எப்போதோ முடிந்துவிட்டது. யாரும் எதையும் எடுத்து நக்கிப் பார்க்கலாம். ஆனாலும் அகப்பைகள் கிடந்தன. பியதாச பானைக்குப் பானை கையால் தடவிக்கொண்டு வந்தார். கடைசிப் பானையின் மூடி வெறுமையாக இருந்தது. உப்பை அள்ளிப் போட்டார், மூடினார், பக்கத்தில் துழாவி உம்மாவின் அகப்பையைத் தேடி எடுத்துக் குறுக்கே வைத்தார். நம் அடுப்படியிலிருந்து போன சட்டம், கண் மங்கிய ஒரு சிங்கள மனிதருக்குக் கண்ணாக இருக்கிறது. அதை நீ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய், அவரும் வாங்கிக்கொண்டிருக்கிறார். அதே நேரம் முன் அறையிலிருந்து உன் குரல் கேட்டது. இங்கிலீஷில் யாருக்கோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தாய். அவர்கள் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். இங்கிலீஷ் எனக்கு விளங்கவில்லை. சிரிப்பு விளங்கியது. வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

பியதாச என்னைக் கண்டு, 'கூப்பிடவா?' என்றார். 'வேணாம், வேலையா ஈக்கிறான்' என்றேன். நான் வந்த காரியம் முடிந்துவிட்டது, மகன். அதனால்தான் திரும்பினேன். உன்னை இழுத்து நிறுத்தி, சுகமா, சாப்பிட்டாயா என்று கேட்டு அந்தச் சிரிப்பைக் குழப்ப மனம் வரவில்லை.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. வழக்கம்போல மைல் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு வரலாம் என்று உட்கார்ந்தேன். முதலாவது கட்டையைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. அடுத்து எனக்குத் தெரிந்தது, கொண்டக்டர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். 'பெரியவரே, மாத்தளை. எல்லாரும் எறங்கியாச்சி.' நாலந்தையும் போய், அலுவிகாரையில் நம் வீட்டு வாசலும் போய், நான் பஸ் நிலையத்தில் ஒருவரும் இல்லாத பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். சட்டையின் தோள்பட்டையில் எச்சில் வடிந்திருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கி, வந்த வழியே நடந்து வீட்டுக்கு வந்தேன்.

உம்மா ரோட்டுக்கே வந்து நின்றாள். பஸ் நிற்காமல் போனதைக் கண்டிருக்கிறாள், நான் இறங்கவில்லை. அவள் முகத்தில் பழைய லக்கலை முழுக்க இருந்தது. 'எங்க போனீங்க?' என்றாள்.

'தூங்கிட்டேன்.'

'எங்க?'

'பஸ்ஸுல.'

அவளிடமிருந்து கேலி ஒன்றும் வரவில்லை. என் கையிலிருந்த வெறும் சாக்கை வாங்கிக்கொண்டு, 'அப்ப புள்ள நல்லாத்தான் ஈக்கிறான்' என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

உன் ஹோட்டலுக்கு முன்னால் நிற்கிற பஸ் கொண்டக்டர்கள் எல்லாம் உனக்கு இப்போது பழக்கமாகியிருப்பார்கள். அவர்களிடம் ஒரு சொல் சொல்லிவை. தம்புள்ளையில் ஏறுகிற ஒரு வயதான மனிதர் தூங்கிப்போனால் அலுவிகாரையில் எழுப்பிவிடச் சொல்.

வாப்பா